பூட்டு இருக்கிறது, சாவி யாரிடம்?

அக்காவுக்குக் கழுத்தில் சின்னதாக ஒரு கட்டி. தைராய்டாக இருக்கும், எதற்கும் ஒரு ஸ்கேன் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் இருக்கும் ஸ்கேன் சென்டரில் எடுத்தோம். முன்பெல்லாம் பெரிய பழுப்பு உறையில் ஃபிலிமைப் போட்டுக் கொடுப்பார்கள். ஒன்றும் புரியாவிட்டாலும் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வருவோம். இப்போது உறை கிடையாது. "சாயந்திரம் எஸ்.எம்.எஸ்.ல லிங்க் வரும் சார், தட்டுனா ரிப்போர்ட் வந்துரும்" என்றாள் வரவேற்பு மேசையில் இருந்த பெண். சொன்னபடி வந்தது.

போனில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரிந்தது. வீட்டுக் கணினியில் திறந்து பிரின்ட் எடுத்துவிடலாம் என்று அந்த முகவரியைப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். முடிவில் ஆறு இலக்க எண். அதில் ஒரு 8-ஐ 3 என்று அடித்துவிட்டேன் போலிருக்கிறது. திரையில் வந்தது அக்காவின் கழுத்து இல்லை. யாரோ ஒரு பெண்ணின் கர்ப்பப்பை. பெயர், வயது 26, கணவர் பெயர், ஊர், கைபேசி எண், கடைசி மாதவிலக்குத் தேதி. கீழே நான்கு வரிக் குறிப்பு. அந்த நான்கு வரியில் நல்ல சேதி இல்லை என்பது மருத்துவம் படிக்காத எனக்கே புரிந்தது. சட்டென்று மூடினேன். அந்தப் பெண்ணின் மாமியாருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, அம்மாவிடம் சொல்லியிருப்பாளோ என்னவோ, முன்பின் தெரியாத எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை நேரே போய்ச் சொன்னேன். வரவேற்புப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க ஏன் சார் நம்பரை மாத்திப் போட்டீங்க?" என்றாள். குற்றவாளி நானாகிவிட்டேன். மேலாளர் வந்தார். மென்பொருள் போட்டுக் கொடுத்தவரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கத்துக் குரல் பதறவே இல்லை. "சார், டேட்டா எல்லாம் கிளவுட்ல சேஃபா இருக்கு. ஏ.இ.எஸ். 256 என்கிரிப்ஷன். யாராலயும் உடைக்க முடியாது. கவலையே படாதீங்க."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

என்கிரிப்ஷனைத் தமிழில் மறையாக்கம் என்கிறோம். குறியாக்கம் என்பவர்களும் உண்டு. எழுதியதை ஒரு சாவி கொண்டு கலைத்துப் போடுவது. அதே சாவி இருந்தால்தான் திரும்ப ஒழுங்காகப் படிக்க முடியும். ஏ.இ.எஸ். என்பது பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டாமன், வின்சென்ட் ரைமன் என்ற இருவர் வகுத்த முறை. உலகம் முழுவதிலுமிருந்து வந்த முறைகளை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்த்து, 2001-இல் அமெரிக்க அரசு இதைத் தன் தர நிர்ணயமாக அறிவித்தது. 256 என்பது சாவியின் நீளம். அப்படி எத்தனை சாவிகள் சாத்தியம் என்று எழுதினால் 78 இலக்கம் வரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே பூட்டு நல்ல பூட்டுதான். திண்டுக்கல்காரர்களே மெச்சும் பூட்டு.

பிறகு எப்படி எனக்குத் திறந்தது?

மேகம் என்று பெயர் வைத்துவிட்டாலும் கிளவுட் தரையில்தான் இருக்கிறது. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் மும்பையிலும் ஐதராபாதிலும் ஜன்னல் இல்லாத கட்டடங்களில், குளிரூட்டிய கூடங்களில், வரிசை வரிசையாக அடுக்கிய இயந்திரங்களில் இருக்கிறது. நம் ஸ்கேன் சென்டர் அங்கே கொஞ்சம் இடத்தை மாத வாடகைக்கு எடுத்திருக்கும். அந்த இடத்தைத் தருகிற பெரிய நிறுவனங்கள் வட்டில் எழுதப்படும் எல்லாவற்றையும் தாமாகவே மறையாக்கம் செய்துவிடுகின்றன. அமேசானின் சேமிப்புச் சேவையில் 2023 ஜனவரி முதல் புதிதாக வைக்கப்படும் ஒவ்வொரு கோப்புக்கும் யாரும் கேட்காமலே இது நடக்கிறது. கூகுளும் அப்படித்தான். நல்ல விஷயம். ஆனால் இந்தப் பூட்டு யாரைத் தடுக்கிறது? அந்தக் கட்டடத்துக்குள் புகுந்து வட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஓடுகிறவனை. அப்படி ஓடிய திருடனை நான் இதுவரை செய்தித்தாளில் பார்த்ததில்லை.

நம்மூரில் நடப்பது வேறு. மென்பொருள் வந்து கோப்பைக் கேட்கிறது. கிளவுட் பூட்டைத் திறந்து கோப்பை எடுத்து மென்பொருளிடம் கொடுக்கிறது. மென்பொருள் அதை யார் கேட்டார்கள் என்று பார்க்காமல், எண் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு என் திரைக்கு அனுப்புகிறது. இரும்புக் கதவு, எட்டு நெம்புகோல் பூட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு வாட்ச்மேன். அந்த வாட்ச்மேன் யார் வந்து எந்த வீட்டு எண்ணைச் சொன்னாலும் எழுந்து போய்த் திறந்துவிடுகிறார். 'கதவு பூட்டித்தான் இருக்கிறது' என்று சொன்னால் அது உண்மைதானே!

இது சந்துக்கடை மென்பொருளின் கோளாறு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 2019-இல் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியில் ஏறக்குறைய 10 கோடி அமெரிக்கர்களின் விவரங்களும் 60 லட்சம் கனடா நாட்டவரின் விவரங்களும் கிளவுடிலிருந்து வெளியேறின. அந்த வங்கி தன் தகவலை மறையாக்கம் செய்துதான் வைத்திருந்தது. ஆனால் தடுப்புச் சுவர் ஒன்றைத் தவறாக அமைத்திருந்த ஓட்டை வழியே உள்ளே வந்தவருக்கு, வங்கியின் சொந்த மென்பொருளுக்கு இருந்த அதிகாரமே கிடைத்துவிட்டது. அதிகாரத்தோடு கேட்டால் கிளவுட் திறந்துதானே கொடுக்கும்? பூட்டுகள் தாமாகவே திறந்துகொண்டன. இதில் நமக்குப் பாடமாவது அடுத்த விஷயம்தான். அடையாள எண், கணக்கு எண் போன்ற சில விவரங்களை மட்டும் அந்த வங்கி வேறு வகையில் காத்துவைத்திருந்தது. உண்மையான எண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அர்த்தமில்லாத ஒரு மாற்று எண்ணை வைத்திருந்தது; எதற்கு எது என்ற பட்டியல் வேறோர் இடத்தில், வேறு காவலில். திருட்டுப்போனபோது அப்படி வைத்திருந்த எண்களில் பெரும்பாலானவை தப்பித்தன.

நம் கோயில் உண்டியலைக் கட்டிய காலத்து ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. உண்டியலுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி கோயில் நிர்வாகத்திடம். இன்னொன்று அறநிலையத் துறை அதிகாரியிடம். இரண்டும் ஒன்றாக வந்து, அரக்கு முத்திரையைப் பார்த்து, சாட்சிகள் முன்னிலையில்தான் திறக்க வேண்டும். குருக்களும் நல்லவர், தர்மகர்த்தாவும் நல்லவர், ஆனாலும் உண்டியல் இருக்கும் இடத்திலேயே இரண்டு சாவியும் இருக்கக்கூடாது. வங்கி லாக்கரிலும் அதே கதை: ஒன்று வங்கியிடம், ஒன்று நம் இடுப்பில்.

தகவலுக்கும் இதைச் செய்ய முடியும். புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. நோய்க் குறிப்பு, ஆதார் எண், கைபேசி எண் ஆகியவற்றைக் கிளவுடுக்கு ஏற்றும் முன்பே, சென்டரின் கணினியிலேயே பூட்டிவிடலாம். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சின்னச் சாவி. அந்தச் சின்னச் சாவிகளையெல்லாம் இன்னொரு பெரிய சாவியால் பூட்டி, அந்தப் பெரிய சாவியை ஹெச்.எஸ்.எம். என்ற தனிப் பெட்டகத்தில் வைப்பார்கள். பெட்டகத்துக்குள் வைத்தே திறந்து மூடலாம். வெளியே எடுத்துப்போக முடியாது. எந்த நேரத்தில் யார் திறந்தார் என்பதும் அதில் பதிவாகும். ஆதார் எண்ணைச் சேமித்துவைக்கும் அமைப்புகளுக்கு இந்த ஏற்பாட்டை ஆதார் ஆணையம் 2017-லேயே கட்டாயமாக்கிவிட்டது. எண்களைத் தனிப் பெட்டகத்தில் மறையாக்கம் செய்து வை, சாவியை ஹெச்.எஸ்.எம்.இல் வை என்று சுற்றறிக்கையே இருக்கிறது. ஆதார் எண்ணுக்குச் செய்ய முடிந்ததை ஒரு பெண்ணின் கர்ப்பப்பைக் குறிப்புக்குச் செய்ய முடியாதா?

நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதை இந்தத் தொழிலில் இருக்கும் நண்பர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சாவியை மென்பொருளுக்குள்ளேயே ஒரு வரியாக எழுதிவிடுவது. அல்லது தகவல் இருக்கும் அதே சர்வரில் பக்கத்து ஃபோல்டரில் ஒரு கோப்பாகப் போட்டுவிடுவது. வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைக்கு மேலே வைத்துவிட்டு வயலுக்குப் போவோமே, அதுதான். கிராமத்தில் அது தெருவுக்கே தெரியும். தெருவே காவலும் இருக்கும். இணையத்தில் தெரு கிடையாது. இதில் இன்னொரு கூத்து, மென்பொருள் எழுதிய பையன் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருக்கும், அவன் மடிக்கணினியில் அந்தச் சாவி இன்னமும் வேலை செய்யும்.

சரி, இதனால் யாருக்கு என்ன கஷ்டம் என்று கேட்பவர்களுக்காகச் சில சம்பவங்கள். 2021 ஜூன் மாதம், தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் ஹேக்கர்கள் புழங்கும் தளம் ஒன்றில் ஏற்றப்பட்டிருப்பதாக டெக்னிசாங்க்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. ஆதார் எண், கைபேசி எண், குடும்பத்தில் யாருக்கு யார் என்ன உறவு என்பது வரை அதில் இருந்தது. ரேஷன் கார்டு வைத்திருக்கும் உங்களுக்கு அது பற்றி ஒரு கடிதமாவது வந்ததா? எனக்கு வரவில்லை. 2024 மே மாதம், தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள் யாரோ புகுந்தார்கள். நிர்வாகக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் களவுபோயிருக்கலாம் என்று சொல்லப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள் டெலிகிராமில் சாட்பாட் வழியே கேட்பவருக்கெல்லாம் கிடைப்பதை ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்டது. அடையாள அட்டை நகல், பரிசோதனை முடிவு, நோயின் பெயர் எல்லாம் அதில் இருந்தன. 3 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரம் தன்னிடம் இருப்பதாக அதை விற்றவர் சொல்லிக்கொண்டார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது; தாங்கள் திட்டமிட்ட தாக்குதலுக்கு ஆளாகியிருப்பதாகவும் சொன்னது.

தில்லி எய்ம்ஸில் 2022 நவம்பர் 23 அன்று நடந்தது இன்னொரு மாதிரி. அங்கே பூட்டைக் கொண்டுவந்தவனே திருடன். உள்ளே புகுந்து ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தகவலை மறையாக்கம் செய்துவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டான். நாட்டின் பெரிய ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய இரண்டு வாரம் எல்லாம் கையெழுத்தில் நடந்தது. நோயாளிகள் பழையபடி சீட்டு வாங்கிக்கொண்டு நின்றார்கள். நம்மைக் காக்க வேண்டிய அதே கணக்கு முறை, சாவி மாறிய கையில் நம்மையே பணயம் வைத்துவிட்டது.

ஏ.டி.எம். அட்டை தொலைந்தால் ஒரு போன் போட்டு முடக்கலாம். கடவுச்சொல்லை மாற்றலாம். கரு கலைந்த தேதியை எப்படி மாற்றுவது? காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்ட ஆறு மாதத்தை எங்கே கொண்டுபோய் அழிப்பது? ஒருமுறை வெளியே போனால் போனதுதான். போனது நேரே எங்கே போய்ச் சேருகிறது என்பதை நம் போனில் வரும் அழைப்புகளைக் கேட்டாலே ஊகிக்கலாம். "உங்க வீட்டுக்காரருக்குப் போன மாசம் ஆபரேஷன் ஆச்சுல்ல, அந்த கிளெய்ம் விஷயமா பேசுறேன்" என்று ஆரம்பிக்கும்போது எந்த வீட்டம்மாவும் நம்பத்தான் செய்வார். பெயரும் நோயும் தேதியும் சரியாகச் சொல்கிறவன் திருடனாக இருப்பான் என்று யாருக்குத் தோன்றும்?

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது, சட்டம் ஏராளம். தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒரே குரலில் சொல்லியிருக்கிறது. வழக்குப் போட்டவர் புட்டசாமி என்ற ஓய்வுபெற்ற நீதிபதி. எச்.ஐ.வி. பாதிப்பு உள்ளவர்களின் பதிவுகளை வைத்திருக்கும் எந்த நிறுவனமும் அந்தத் தகவலைப் பாதுகாக்க ஏற்பாடு செய்தாக வேண்டும் என்று அதற்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, அந்தப் பெண்ணின் பெயரை வெளியே சொன்னால் ஓராண்டு வரை சிறை. டாக்டர் வாய் தவறிச் சொன்னால் சிறை. மென்பொருள் ஊருக்கே காட்டினால் 'நம்பரை ஏன் மாத்திப் போட்டீங்க?'

எல்லாவற்றுக்கும் மேலாக, தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதன் விதிகள் வர இரண்டு வருடத்துக்கு மேல் பிடித்தது; 2025 நவம்பரில்தான் அரசிதழில் ஏறின. அந்த விதிகளில் மறையாக்கம் என்ற பேச்சு வெளிப்படையாகவே வருகிறது. மறைத்துக் காட்டுதல், மாற்று எண் வைத்தல் ஆகியவையும் வருகின்றன. தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்தில் முழு விவரம் தர வேண்டும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். படிக்கப் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர பதினெட்டு மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பதினெட்டு மாதத்தில் எத்தனை ஸ்கேன், எத்தனை ரத்தப் பரிசோதனை!

இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று உண்டு. அந்த 250 கோடியில் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய் கிடையாது. அபராதம் முழுக்க அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43-ஏ என்று ஒரு பிரிவு உண்டு: ஒரு நிறுவனம் அலட்சியமாக இருந்து நம் தகவல் போனால், நமக்கு இழப்பீடு கேட்க வழி செய்வது. அதிகம் பேர் பயன்படுத்தவில்லை என்பது வேறு. புதிய சட்டம் அந்தப் பிரிவையே நீக்கிவிடுகிறது. அந்த 26 வயதுப் பெண் நாளை வாரியத்தில் போராடி வென்றாலும், வீட்டுக்குப் போக பஸ் காசு அவள் கையிலிருந்துதான். இந்தக் குறையை நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழுப்ப வேண்டும். போதாததற்கு, அறிவிக்கை செய்யப்படும் அரசு அமைப்புகளுக்கு விலக்குத் தரவும் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். ரேஷன், பட்டா, ஓய்வூதியம், வீடு தேடி வரும் மருத்துவம் என்று நம்மைப் பற்றி ஊரிலேயே அதிகம் தெரிந்தவர் அரசாங்கம்தான்.

தில்லி விழிக்கும்வரை சென்னை காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. மாநில அரசின் கையில் ஏற்கெனவே ஒரு பிடி இருக்கிறது. எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும் 'இங்கு கருவின் பாலினம் தெரிவிக்கப்பட மாட்டாது' என்ற பலகை கண்ணில் படும். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எஃப் படிவம் என்று ஒன்றை நிரப்ப வேண்டும்: பெயர், வயது, கணவர் பெயர், முகவரி, எத்தனை குழந்தைகள், ஆணா பெண்ணா, எதற்காக இந்த ஸ்கேன். மாதாமாதம் அதை அதிகாரியிடம் தர வேண்டும். ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள். பலகை மாட்டியிருக்கிறதா, இயந்திரம் பதிவானதுதானா, படிவத்தில் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். கையெழுத்து விடுபட்டதற்கே வழக்குப் போட முடிகிற சட்டம். அந்த ஆய்வில் இன்னும் மூன்று கேள்வி சேர்த்தால் போதும். இந்தத் தகவல் எந்த நிறுவனத்தின் கிளவுடில் இருக்கிறது? ஏற்றும் முன்பே பூட்டுகிறீர்களா? சாவி யாரிடம்?

தனியார் மருத்துவமனைகளுக்கும் பரிசோதனைக் கூடங்களுக்கும் 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. பதிவு இல்லாமல் நடத்த முடியாது. தீயணைப்புத் துறைச் சான்று கேட்கிறோம், மருத்துவக் கழிவுக்குச் சான்று கேட்கிறோம். ஊசியைக் குப்பையில் போட்டால் தப்பு என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. தகவலைக் குப்பையில் போடுவதும் தப்பு என்று பதிவுப் புதுப்பிப்பில் ஒரு நிபந்தனையாக எழுத எத்தனை நாள் ஆகும்? லிங்க் அனுப்பினால் அதைத் திறக்க ஓ.டி.பி. கேட்க வேண்டும், ஒன்று இரண்டு மூன்று என்று வரிசை எண் இருக்கக்கூடாது, பத்து நாளில் லிங்க் செத்துவிட வேண்டும். இவை ஒரு நல்ல புரோகிராமருக்கு ஒரு வார வேலை.

அரசுத் துறைகளின் டெண்டர்களில் வேறொரு வரி வேண்டும். மென்பொருளைத் தனியார் செய்யட்டும், கிளவுட் தனியாருடையதாக இருக்கட்டும். பெரிய சாவி அரசின் பெட்டகத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்து நிறுவனம் வெளியேறும் நாளில் சாவியை மாற்ற வேண்டும். வாடகை வீட்டைக் காலி செய்கிறவரிடம் சாவியை வாங்கிக்கொள்கிறோம், விவரமானவர்கள் பூட்டையே மாற்றுகிறார்கள். கோடிக்கணக்கானவர்களின் குடும்ப விவரத்துக்கு அந்த அளவு விவரம் போதும்.

எதிர்வாதமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் சென்டர் மேலாளர் நல்ல மனிதர். அன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "சாவி தொலஞ்சு போச்சுன்னா சார்? அத்தனை ரிப்போர்ட்டும் போயிருமே?" நியாயமான பயம். ஏ.இ.எஸ். திருடனுக்கும் திறக்காது, தொலைத்துவிட்டு அழுகிற நமக்கும் திறக்காது. அதனால் சாவிக்கு நகல் வேண்டும். இரண்டு வேறு இடங்களில், இரண்டு வேறு ஆட்களின் பொறுப்பில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலைக் கொண்டு உண்மையிலேயே திறந்து பார்க்க வேண்டும். பூட்டிய தகவலுக்குள் பெயர் தேடுவதும் கொஞ்சம் சிரமம்தான். அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே பூட்டில் அடைக்காமல், எது வெளியே போனால் ஒரு குடும்பம் தலைகுனியுமோ அதை மட்டும் தனியாகப் பூட்டச் சொல்கிறேன். செலவு? இருக்கிறது. ஆனால் அந்தச் சென்டரின் வாசலில் எல்.ஈ.டி. பலகைக்கு ஆன செலவை விட அதிகமாக இருக்காது என்று என் அனுமானம். அந்தப் பலகையை எல்லோரும் பார்க்கிறார்கள். சாவியைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை.

நம் பக்கத்திலும் அழுக்கு இல்லாமல் இல்லை. ஜெராக்ஸ் கடைக்குப் போய், "அண்ணே, உங்க நம்பருக்கு வாட்ஸ்அப் பண்றேன், ரெண்டு காப்பி போடுங்க" என்று ஆதாரையும் பான் கார்டையும் அனுப்பாதவர் யார்? அடுத்த முறை போகும்போது அந்தக் கடைக் கணினியின் டவுன்லோடு ஃபோல்டரை எட்டிப் பாருங்கள். ஆதார் என்ற ஒரே பெயரில், அடைப்புக்குள் 36, 37, 38 என்று எண் போட்டுக்கொண்டே போகும். நான் பார்த்தபோது ஒரு பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழும் ஒரு கல்யாணப் பத்திரிகையும் அவற்றுக்கு நடுவே இருந்தன. நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரை ஆணையத்தின் தளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். நகல் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று 2022 மே மாதம் அதன் பெங்களூரு அலுவலகம் எச்சரித்தது. தவறாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது என்று இரண்டே நாளில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். ஜனங்கள் எதைத்தான் கேட்பார்கள்?

வாட்ஸ்அப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அனுப்புகிற வழியில் அது முழுக்கப் பூட்டியே போகிறது; நடுவில் யாரும் படிக்க முடியாது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு நம் போன் தானாகவே அத்தனை உரையாடலையும் படத்தையும் கூகுள் டிரைவுக்கு நகல் எடுத்து அனுப்புகிறதே, அந்த நகலுக்கு நம் சொந்தச் சாவியைப் போடும் வசதி 2021 அக்டோபரில் வந்தது. நாமே போய் அமைப்புகளில் தேடிப் பிடித்து இயக்கினால்தான் வேலை செய்யும். என் சொந்தக்காரர்களில் நான் விசாரித்த பதினோரு பேரில் இயக்கியிருந்தவர் யாரும் இல்லை. நானும் அன்றுதான் இயக்கினேன்.

ஸ்கேன் சென்டர் விஷயத்தை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமைக் குறைதீர் நாளில் மனுவாகக் கொடுத்தேன். எந்தத் துறைக்கு அனுப்புவது என்று அங்கே இருந்தவர்களுக்குக் குழப்பம். சைபர் கிரைமா, சுகாதாரமா, தகவல் தொழில்நுட்பமா? கடைசியில் சுகாதாரம் என்று எழுதி முத்திரை குத்தினார்கள். ரசீது எண் என் போனுக்கு ஒரு லிங்காக வந்தது. முடிவில் ஆறு இலக்கம். பக்கத்து எண்ணைப் போட்டுப் பார்க்கலாமா என்று கை துறுதுறுத்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் அக்காவை மறு பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். கட்டி ஒன்றும் செய்யாது, பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வரவேற்பு மேசையில் அதே பெண். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "லிங்கெல்லாம் நிறுத்திட்டோம் சார், நீங்க வந்து சொன்னீங்கல்ல" என்றாள் பெருமையாக. சாயங்காலம் அக்காவின் ரிப்போர்ட் வந்தது. சென்டரின் எண்ணிலிருந்து இல்லை. அந்தப் பெண்ணின் சொந்த வாட்ஸ்அப்பிலிருந்து. முகப்புப் படத்தில் அவளுடைய குழந்தை மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு சிரிக்கிறது.